தராசுக்காரர் லவாய்சியரும் எங்கள் கடைக் கற்பூரமும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். கல்லூரி நினைவுகளை எழுதுங்கள் சார் என்றார்கள். விடுதிச் சாப்பாடு, தேர்தல் கலாட்டா, மாலைக் காட்சிக்கு மதில் ஏறிக் குதித்தது, இதையெல்லாம் எழுத என்னைவிட நல்ல கைகள் நம்மிடையே உண்டு. நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது சாக்பீஸும் கரும்பலகையும்தான். ஆகவே ஒரு வேதியியல்காரரின் கதையைச் சொல்கிறேன். நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்தவர். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அவர் பெயரைப் பல தடவை எழுதியிருக்கிறோம். பொருண்மை அழியா விதியைக் கூறியவர் யார்? விடை: லவாய்சியர். அவ்வளவோடு அவரை விட்டுவிட்டோம். (பிரெஞ்சுக்காரர்கள் லவுவாசியே என்பார்களாம். நாம் பாடப் புத்தகத்தில் படித்தபடியே சொல்வோம்.)

அவரிடம் போவதற்கு முன் நண்பர்கள் என்னோடு எங்கள் ஊருக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போக வேண்டும். எனக்கு அவர் முக்கியமானது அங்கேதான்.

கடையில் விழுந்த துண்டு

எங்கள் ஊர் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயில் என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். மாசியில் மயானக் கொள்ளை, மாதந்தோறும் அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம். அம்மன் ஊஞ்சலில் அமர்ந்ததும் கூட்டம் முழுக்கக் கையில் கற்பூரம் ஏற்றிக் காட்டும். அந்த நேரத்தில் உயரத்தில் நின்று பார்த்தால் தரையெல்லாம் நெருப்புப் பூத்த மாதிரி இருக்கும். சிறிது நேரத்தில் அத்தனையும் அணைந்து போகும். விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். கற்பூரம் எரிந்தால் எதுவும் மிஞ்சாது. கொஞ்சம் கரி மட்டும் ஒட்டியிருக்கும்.

கோயில் தெருவில் அப்பா சின்னதாகப் பூசைச் சாமான் கடை வைத்திருந்தார். தேங்காய், எலுமிச்சம்பழம், குங்குமம், ஊதுவத்தி, கற்பூரம். மேலே தகரக் கூரை. கற்பூரம் பெரிய டப்பாவில் வரும், நிறுத்து விற்போம். அமாவாசை முடிந்த மறுநாள் அப்பா கணக்குப் பார்ப்பார். வந்தது இவ்வளவு, விற்றது இவ்வளவு, இருப்பு இவ்வளவு. கணக்கில் துண்டு விழுந்தால் அன்றைக்கு யாரும் அவர் பக்கம் போக முடியாது.

1973ஆம் வருடம் சித்திரை மாதம். நான் பத்தாவது முடித்திருந்தேன். கடையில் உதவிக்கு என் வயதை ஒட்டிய பையன் ஒருவன் இருந்தான். சம்பளம் மாதம் 15 ரூபாய். அந்த மாதம் கற்பூரக் கணக்கில் கிட்டத்தட்ட கால் கிலோ குறைந்தது. கற்பூரம் கரையும் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல. அதற்காகத்தான் டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பார். ஆனால் கரைந்தால் எவ்வளவு கரையும்? இவ்வளவா? யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. பையன் டப்பாவை மூடாமல் வைத்துவிடுவான் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அப்பா கேட்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவன் எடுக்கலைங்க, எடுக்கலைங்க என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு போய்விட்டான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பாரிஸுக்குப் போவோம்.

செஞ்சிக் கோட்டையும் பாரிஸ் மாணவரும்

பாரிஸ் நமக்கு அவ்வளவு தூரமில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எங்கள் ஊரிலிருந்து செஞ்சி இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் செஞ்சிக் கோட்டைதான். ராஜகிரி ஏறி மூச்சு வாங்கி, மேலே கிடக்கும் பீரங்கியின் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளாதவர் நம் பக்கத்தில் யார்? அந்தக் கோட்டையை 1750இல் புஸ்ஸி என்ற தளபதியின் கீழ் வந்த பிரெஞ்சுப் படை பிடித்தது. பதினோரு ஆண்டுகள் அவர்கள் கையில் இருந்தது. 1761இல் புதுச்சேரி விழுந்தது, சில மாதங்களில் செஞ்சியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அதே 1761இல் பாரிஸில் மசாரின் கல்லூரியில் படிப்பை முடித்து வெளியே வந்தார் பதினெட்டு வயது அந்துவான் லவாய்சியர். 1743 ஆகஸ்ட் 26இல் பிறந்தவர். அப்பா வக்கீல். ஐந்து வயதில் தாயை இழந்தார், சித்தி வளர்த்தார். குடும்ப வழக்கப்படி சட்டம் படித்துப் பட்டமும் வாங்கினார். ஆனால் மனசு முழுக்க அறிவியலில். கல்லூரியில் லக்காய் என்ற வானியல் அறிஞரிடம் கணிதம் கேட்டார். ரூயெல் என்பவரின் வேதியியல் சொற்பொழிவுகளுக்குப் போனார். ஒரு பொருளைத் துல்லியமாக அளக்காமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்ற பழக்கம் கணிதத்திலிருந்து அவருக்கு வந்தது. அன்றைய வேதியியல்காரர்கள் நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தார்கள். இவர் எல்லாவற்றுக்கும் முன் தராசைப் பார்த்தார்.

மூடி வைத்து நிறுத்தவர்

அக்காலத்தில் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது மண்ணாக மாறும் என்று படித்தவர்களே நம்பினார்கள். காய்ச்சிய பாத்திரத்தில் கொஞ்சம் தூள் மிஞ்சுவதைக் கண்ணால் பார்த்தார்களே! லவாய்சியர் 1768இல் ஒரு கண்ணாடிக் கலத்தை நிறுத்தார். தண்ணீரை நிறுத்தார். கலத்தை மூடி 101 நாட்கள் விடாமல் சூடாக்கினார். முடிவில் தூள் இருந்தது, ஆனால் மொத்த எடை மாறவில்லை. தண்ணீரின் எடை குறையவில்லை, கண்ணாடியின் எடைதான் குறைந்திருந்தது. தூள் தண்ணீரிலிருந்து வரவில்லை, கலத்தின் கண்ணாடியே தேய்ந்து வந்தது. நூற்றுக்கணக்கான ஆண்டு நம்பிக்கை ஒரு தராசுத் தட்டில் முடிந்து போச்சு.

அடுத்தது நெருப்பு. பொருள் எரியும்போது அதிலிருந்து ஃபுளோஜிஸ்டான் என்ற ஒன்று வெளியேறுகிறது என்பது அன்றைய கொள்கை. விறகுக்கு இது பொருந்தியது, எரிந்தால் எடை குறைகிறதே. ஆனால் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சுட்டால் கிடைக்கும் பொடி, உலோகத்தைவிட எடை கூடுதலாக இருந்தது. ஒன்று வெளியே போய் எடை எப்படிக் கூடும்? சிலர் ஃபுளோஜிஸ்டானுக்கு எடை இல்லை, அது எடையைக் குறைக்கும் சரக்கு என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். கணக்கு உதைத்தால் புதிதாக ஒரு ஆளைக் கற்பனை செய்து அவன் தலையில் கட்டுவது மனித இயல்பு.

ராபர்ட் பாயில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மூடிய கலத்தில் வெள்ளீயத்தைச் சுட்டவர்தான். ஆனால் கலத்தைத் திறந்த பிறகு நிறுத்தார். எடை கூடியிருந்தது. நெருப்பின் துகள்கள் கண்ணாடி வழியாக நுழைந்துவிட்டன என்று முடிவு செய்தார். 1774இல் லவாய்சியர் அதே சோதனையைச் செய்தார், ஆனால் திறப்பதற்கு முன் நிறுத்தார். எடையில் மாற்றமில்லை. திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. இப்போது நிறுத்தார், எடை கூடியது. உலோகத்தோடு சேர்ந்தது நெருப்பல்ல, கலத்துக்குள் இருந்த காற்றின் ஒரு பகுதி. அந்த இடத்தை நிரப்பத்தான் வெளிக்காற்று நுழைந்தது. மூடியைத் திறப்பதற்கு முன்னா பின்னா என்பதுதான் இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம். நூறு வருட வித்தியாசம்.

பிறகு பாதரசம். பன்னிரண்டு நாட்கள் அடைத்த காற்றில் பாதரசத்தைக் கொதிநிலைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். மேலே சிவப்புப் பொடி படிந்தது. உள்ளிருந்த காற்றில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. மிஞ்சிய காற்றில் மெழுகுவத்தி அணைந்தது. அந்தச் சிவப்புப் பொடியில் 45 குன்றிமணி எடை (அவர் பயன்படுத்திய பிரெஞ்சு அளவுக்கு நான் வைத்த பெயர், மொத்தமே இரண்டரை கிராம்கூட வராது) எடுத்து இன்னும் கடுமையாகச் சூடாக்கினார். 41½ பங்கு பாதரசம் திரும்பி வந்தது. கூடவே, நெருப்பைப் பிரகாசமாக எரிய வைக்கும் ஒரு வாயு. அதற்குப் பின்னாளில் ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். இன்றைய அணு எடைகளைக் கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 45க்கு வர வேண்டிய பாதரசம் 41.7. இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன், கரி அடுப்பை வைத்துக்கொண்டு, மனிதர் 0.2 பங்குதான் தவறியிருக்கிறார். நம் ஆய்வகத்தில் பியூரெட் ரீடிங்கை அட்ஜஸ்ட் செய்தவர்கள் யார் யார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவரவருக்குத் தெரியும்.

வெடியுப்பு அதிகாரி

1771இல், 28 வயதில் அவருக்குத் திருமணம். மனைவி மரி ஆன் போல்ஸுக்கு அப்போது பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. மாமனார் ழாக் போல்ஸ், புதுச்சேரியை ஆண்ட அதே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் இயக்குநராக இருந்தவர். செஞ்சிக் கணக்கும் அந்தக் கம்பெனிப் பேரேட்டில் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. வெடிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது. இதில் பெரும்பங்கு வெடியுப்பு. உலகத்திலேயே நல்ல வெடியுப்பு பீகாரிலும் வங்காளத்திலும் கிடைத்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் கை ஓங்கியதும் அந்தச் சரக்கு அவர்கள் வசமாயிற்று. பிரான்ஸ் வெடிமருந்துப் பஞ்சத்தில் தவித்தது. அதைச் சரிசெய்ய 1775இல் அரசு வெடிமருந்து நிர்வாகத்துக்கு நியமித்தவர்களில் முக்கியமானவர் லவாய்சியர். சில ஆண்டுகளில் உற்பத்தி பெருகியது. அமெரிக்கர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டபோது பிரெஞ்சு வெடிமருந்து அவர்களுக்கும் போயிற்று.

அந்தப் பதவியோடு ஆயுதக் கிடங்கு வளாகத்தில் வீடு கிடைத்தது. அங்கேயே ஐரோப்பாவின் சிறந்த ஆய்வகத்தைச் சொந்தச் செலவில் அமைத்தார். காலை 6 முதல் 9, மாலை 7 முதல் 10 ஆய்வு. நடுவில் அலுவலகம். சனிக்கிழமை முழுவதும் ஆய்வகத்தில். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ஆங்கிலம் கற்று அவருக்காக நூல்களை மொழிபெயர்த்தார். ஓவியம் கற்று, 1789இல் வந்த அவருடைய புகழ்பெற்ற பாடநூலுக்குக் கருவிகளின் படங்கள் பதின்மூன்றையும் வரைந்தார்.

சமன் செய்வது எப்படி

அந்த 1789ஆம் ஆண்டுப் புத்தகத்தில் திராட்சைச் சாறு புளித்து மதுவாவதை விளக்கும் இடத்தில்தான் அந்த விதி வருகிறது. எந்த வினையிலும் புதிதாக எதுவும் உண்டாவதில்லை, வினைக்கு முன் இருந்த அளவே பின்னும் இருக்கும் என்ற கருத்து. ரஷ்யாவில் லொமொனோசோவ் இதே போன்ற சோதனையை 1756லேயே செய்திருந்தார். லவாய்சியர் செய்தது, இதையே எல்லா ஆய்வுக்கும் அடிப்படையாக வைத்தது. இந்தப் பக்கம் திராட்சைச் சாறு, அந்தப் பக்கம் கரியமில வாயுவும் சாராயமும், நடுவே சமம் என்று வைத்தால் ஒரு பக்கத்தில் தெரியாததை மறுபக்கத்திலிருந்து கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். வேதிச் சமன்பாட்டின் விதை அது. அணு எண்ணிக்கை பின்னால் டால்டன் காலத்தில் வந்தது, எழுத்துக் குறியீடுகள் பெர்சீலியஸ் காலத்தில் வந்தன. நம் தமிழிலும் 1875லேயே, மருத்துவர் கிறீன் முயற்சியில், கெமிஸ்தம் என்ற வேதியியல் நூல் அச்சாகிவிட்டது.

மாணவத் தம்பி தங்கைகளுக்காக ஒரு கணக்கு. எங்கள் ஊர்க் கணக்கு. ஒரு கற்பூர மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள். முழுதாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்?

பத்து கார்பனுக்குப் பத்து கார்பன் டை ஆக்சைடு. பதினாறு ஹைட்ரஜனுக்கு எட்டு நீர். வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 20ம் 8ம் ஆக 28. கற்பூரமே ஒன்று கொண்டு வருகிறது, பாக்கி 27 காற்றிலிருந்து வர வேண்டும். காற்றில் ஆக்சிஜன் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். 27ஐ இரண்டால் வகுத்தால் பதின்மூன்றரை. அரை மூலக்கூறு கிடையாது, எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கு.

2 கற்பூரம் + 27 ஆக்சிஜன் → 20 கார்பன் டை ஆக்சைடு + 16 நீர்

இப்போது எடை. 152 கிராம் கற்பூரம் எரிய 432 கிராம் ஆக்சிஜன் வேண்டும். மொத்தம் 584. வெளியே வருவது 440 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 144 கிராம் நீராவி. மொத்தம் அதே 584. அமாவாசை இரவில் எதுவும் மிஞ்சாமல் போனதாக நான் நினைத்த கற்பூரம், போனதைப் போல நான்கு மடங்கு எடையுள்ள பொருளாக எங்கள் தலைக்கு மேல்தான் இருந்திருக்கிறது.

பையன்கள் வழக்கமாக ஒரு தப்பு செய்வார்கள். ஆக்சிஜன் ஒன்று குறைகிறதா? நீரின் வாய்பாட்டுக்குள்ளேயே கையை விட்டு ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிடுவார்கள். கணக்குச் சரியாகும், ஆனால் அது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. முன்னால் வரும் கெழுவை மாற்றலாம், உள்ளே இருக்கும் வாய்பாட்டை மாற்றக் கூடாது. கணக்கைச் சரிகட்ட ஆளையே மாற்றுவது அது.

இன்னொரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். ஐன்ஸ்டைனுக்குப் பிறகு, வெப்பமாக வெளியேறும் ஆற்றலுக்கும் பொருண்மை உண்டு என்று தெரியும். 12 கிராம் கரி எரிந்தால் அதனால் குறைவது ஒரு கிராமின் நூறு கோடியில் சுமார் நான்கு பங்கு. எந்தக் கடைத் தராசும், எந்தக் கல்லூரித் தராசும் அதைக் காட்டாது. பரீட்சைக்கு லவாய்சியரே போதும்.

அவர் பேரேட்டில் எழுதாதவை

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது நம் மலர்களின் வழக்கம். லவாய்சியரைப் பற்றி அப்படி எழுதினால் அது அவருக்கே பிடிக்காது. இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

1774 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி சிவப்புப் பாதரசப் பொடியிலிருந்து அந்த வாயுவைப் பிரித்தார். அக்டோபரில் பாரிஸ் வந்தபோது லவாய்சியர் வீட்டு விருந்தில் அதைச் சொன்னார். அடுத்த ஆண்டு லவாய்சியர் தம் கட்டுரையைப் படித்தபோது பிரீஸ்ட்லியின் பெயரைச் சொல்லவில்லை. அந்த வாயு என்ன, எரிதல் என்றால் என்ன என்று சரியாகப் புரிந்துகொண்டவர் லவாய்சியர்தான், சந்தேகமில்லை. பிரீஸ்ட்லி கடைசிவரை ஃபுளோஜிஸ்டானை விடவில்லை. இருந்தாலும் வந்த சரக்கை வரவில் எழுத வேண்டும் அல்லவா?

பணக் கணக்கும் அப்படி. அறிவியல் கழகத்தில் உறுப்பினரான அதே 1768இல், அரசுக்காக வரி வசூலிக்கும் தனியார் நிறுவனத்தில் அவர் பங்கு வாங்கினார். உப்பு வரி, புகையிலை வரி, பாரிஸுக்குள் வரும் சரக்குகளுக்கு வரி. ஏழைகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட நிறுவனம் அது. கடத்தலைத் தடுக்கப் பாரிஸைச் சுற்றி மதில் கட்டும் யோசனையும் அவருடையது. ஆய்வகத்துக்கு வேண்டிய துல்லியத் தராசுகள் அந்த வருமானத்தில் வந்தவை. அவர் கொடுமைக்காரர் அல்ல. 1788இல் ப்ளுவா நகரில் தானியப் பஞ்சம் வந்தபோது வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். விவசாயத்தைச் சீர்திருத்தத் தம் நிலத்திலேயே சோதனை செய்தார். ஆனாலும் உப்புக்கு வரி கட்டிய மக்கள் அந்தத் தராசில் எந்தத் தட்டில் இருந்தார்கள் என்று அவர் நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1789இல் புரட்சி வந்தது. அவர் புரட்சியை எதிர்க்கவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் மெட்ரிக் அளவைகளை உருவாக்கும் பணியில் உழைத்தார். கிராமை வரையறுக்கத் தண்ணீரின் எடையைத் துல்லியமாக அளந்தார். ஆனால் வரி வசூலித்தவர்கள் மேல் இருந்த கோபம் தணியவில்லை. 1793 நவம்பரில் கைது. 1794 மே 8 அன்று விசாரணை. பகைவரோடு சதி செய்தார்கள், புகையிலையில் தண்ணீர் கலந்தார்கள் என்று 28 பேர் மேல் குற்றச்சாட்டு. ஒவ்வொருவர் கணக்கையும் தனித்தனியாக யார் பார்த்தார்கள்? எல்லோரையும் ஒரே தட்டில் போட்டார்கள். அன்றே 28 பேருக்கும் கில்லட்டின். மாமனார் தலை விழுவதைப் பார்த்த பிறகு லவாய்சியரின் முறை வந்தது. வயது 50.

அடுத்த ஆண்டே தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டு, பறித்த உடைமைகளை அவர் மனைவியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கருவிகள் வந்தன, புத்தகங்கள் வந்தன. ஒரே நாளில் கணவனையும் தந்தையையும் இழந்த மரி ஆன், கணவரின் கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டார். 1836வரை வாழ்ந்தார்.

பதினைந்து ரூபாய்

நான் நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் பேராசிரியர் இந்த வெள்ளீயச் சோதனையை நடத்தினார். திறப்பதற்கு முன் நிறுத்தார் என்று அவர் சொன்ன இடத்தில் எனக்கு வகுப்பு மறந்து போனது. கற்பூர டப்பாதான் கண்ணுக்கு முன் வந்தது.

1976 கோடை விடுமுறையில் ஊருக்குப் போனதும் கடைத் தராசிலேயே நிறுத்தேன். நூறு கிராம் கற்பூரம் தகரக் கூரைக்குக் கீழே திறந்த தட்டில். இன்னொரு நூறு கிராம் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடியைச் சுற்றி மெழுகு வைத்தேன். பாட்டிலோடு சேர்த்து எடையைக் குறித்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து அப்பாவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே நிறுக்கச் சொன்னேன். தட்டில் இருந்தது பத்து கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. பாட்டிலில் எடை அப்படியே. ஆனால் உள்ளே மேல்பக்கக் கண்ணாடியில் கற்பூரம் பொடிப்பொடியாகப் பூத்திருந்தது. கீழே இருந்து கிளம்பி மேலே போய் ஒட்டியிருக்கிறது. மூடி இல்லாவிட்டால் தெருவுக்குப் போயிருக்கும்.

அப்பா அந்தப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போ அந்தப் பையன் எடுக்கலடா என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாளே அவன் வீட்டுக்குப் போனோம். குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. அப்பா 1998இல் காலமானார். அதுவரை ஒவ்வொரு வருடமும் புதுக் கணக்கு போடும்போது, பிள்ளையார் சுழிக்குக் கீழே முதல் வரியாக, பையன் பாக்கி ரூ.15 என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவார். அவருடைய கடைசி நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்த வரி இன்னும் அடிக்கப்படவில்லை.

நம்மில் இன்று கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், அதிகாரிகள் இருக்கிறீர்கள், பள்ளி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். கணக்கில் துண்டு விழாத இடம் ஏது? விழும்போது பக்கத்தில் நிற்கும் ஏழைப் பையனின் கையைப் பார்ப்பதற்கு முன்னால், மூடி சரியாக இருந்ததா என்று ஒரு தடவை பாருங்கள். லவாய்சியருக்கு அந்த மே மாதத்தில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. எங்கள் கடைப் பையனுக்கு நாங்கள் பார்க்கவில்லை.

மாணவர்களுக்கு: சமன்பாட்டை மனப்பாடம் செய்யாதீர்கள், இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். ரீடிங் வரவில்லை என்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். எங்கே போயிற்று என்று தேடுங்கள். போனது எதுவும் இல்லாமல் போவதில்லை.

அனைவரையும் அடுத்த சந்திப்பிலும் நலமாகக் காண விரும்புகிறேன். வணக்கம்.